தாளத்தின் இடைவெளியில் ஒரு டிராம்போன்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கவென்ட்ரி, கார்த் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவை நலிந்தபோது தானும் நலிந்த நகரமாகும். 1977இல் அந்நகரில் உருவாகிப் பின்னர் தி ஸ்பெஷல்ஸ் என்று பெயர் பூண்ட எழுவர் குழுவின் முதல் ஆல்பம் 1979 அக்டோபரில் வெளிவந்து, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. குழுவின் பெயரைச் சுருக்கி 'ஸ்பெஷல்ஸ்' என்றே தலைப்பிடப்பட்ட இந்த ஆல்பம், ஜமைக்காவில் பிறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்திருந்த ஸ்கா என்னும் இசைவகையை வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் நின்று வாசித்த முயற்சி என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் இசையை ஒரு கைத்தொழிலாகவும் இசைக்கலைஞரை ஒரு தொழிலாளியாகவும் வைத்துப் பார்த்தால், இதில் அதனினும் அரிதான வேறொன்று நிகழ்ந்திருப்பது புலப்படும்.

ஸ்காவின் அடையாளம் அதன் தாளத்தில் இருக்கிறது. நான்கு தட்டுகளை 'ஒன்று-உம், இரண்டு-உம், மூன்று-உம், நான்கு-உம்' என்று பிரித்து எண்ணினால், எண்கள் விழும் இடங்களில் பாஸ் கிடார் நடைபோட, மற்றக் கிடாரும் பியானோவும் அந்த 'உம்' விழும் இடத்தில் மட்டும் கத்தரித்தாற்போல ஒலித்து அடங்கும். தாளம் போட்டுப் பழகிய கை தானாகவே தட்டும் இடத்தில் தட்டாமல், அது மேலெழும் கணத்தில் ஒலி பிறப்பதால்தான் இந்த இசையைக் கேட்பவரின் முழங்கால் அவரை அறியாமல் துள்ளுகிறது. அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் இசையும் ஜமைக்காவின் நாட்டார் இசையான மென்டோவும் கலந்து 1950களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரில் உருவான இவ்வகையில், கிடாரும் பியானோவும் தாளத்தை ஏந்த, பாட்டின் மெட்டைச் சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் ஆகிய ஊதுகருவிகள் சுமந்தன.

அக்கருவிகளை ஊதியவர்களில் முதன்மையான பலர் ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள். கிங்ஸ்டனில் 1880இல் தொடங்கப்பட்டு, கத்தோலிக்கத் துறவியர் நடத்திவந்த ஆல்ஃபா சிறுவர் பள்ளி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் தையல், அச்சுக்கோப்பு, தோட்டவேலை ஆகியவற்றோடு வாத்தியக்குழு வாசிப்பையும் கற்பித்தது. இசை அங்கே பொழுதுபோக்காகவோ உயர்குடிக் கலையாகவோ அல்லாமல், பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளை பிழைத்துக்கொள்ள உதவும் தொழிலாகவே கற்பிக்கப்பட்டது. 1964இல் உருவாகி ஸ்காவின் இலக்கணமாக நின்ற ஸ்காட்டலைட்ஸ் குழுவின் ஊதுகலைஞர்களான டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் இப்பள்ளியில் பயின்றவர்களே. அங்கு டிரம்மண்டிடம் டிராம்போன் கற்ற இளைய மாணவர் ஒருவர் உண்டு. 1934இல் பிறந்த அவர் பெயர் ரிக்கோ ரோட்ரிகஸ்.

டிராம்போனைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் மூன்று கட்டைகள் உள்ளன. வழக்கமான டிராம்போனில் அவை இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வழுக்கும் பித்தளைக் குழாயை வலக்கை முன்னும் பின்னும் இழுக்க, உதடுகள் ஊதுவாயில் அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கின்றன. குழாயை இழுத்து நிறுத்துவதற்கு ஏழு நிலைகள் உண்டு என்றாலும், வீணையின் மெட்டுகளைப் போல அந்த நிலைகளைக் காட்டும் குறி எதுவும் கருவியில் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் செவியும் தோளும் சேர்ந்தே அறிந்துகொள்கின்றன. ஒரு விரற்கடை தவறினால் சுருதி பிசகும். அந்தப் பிசகின் விளிம்புவரை சென்று, சுரத்தை வழுக்கிக்கொண்டே வந்து சேர்ப்பதே ரிக்கோவின் வாசிப்புக்குத் தனித்த சோகத்தைத் தந்தது. கிங்ஸ்டனை ஒட்டிய வாரைக்கா மலையில் ராஸ்தஃபாரி சமயத்தைச் சேர்ந்த மேளக்காரர் கவுண்ட் ஒஸ்ஸியின் சமூகத்தோடு அவர் வாழ்ந்த காலத்தில் இந்த நடை முதிர்ந்தது.

இத்தகைய கைத்திறன் படைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? கிங்ஸ்டனில் இசைத்தட்டு வெளியிட்டவர்கள் பெரும்பாலும் 'சவுண்ட் சிஸ்டம்' எனப்பட்ட ஒலிபெருக்கி நடன நிகழ்ச்சிகளின் முதலாளிகளே. ஒலிப்பதிவுக்கு வந்த கலைஞருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி தரப்பட்டதோடு கணக்கு முடிந்தது. அப்பாட்டு லண்டனில் விற்றாலும், பத்தாண்டு கழித்து மறுபதிப்புக் கண்டாலும், அதன் வருவாய் ஊதியவரைத் தேடி வருவதில்லை. பாட்டை எழுதியவருக்காவது சட்டப்படி உரிமைத்தொகை கோர இடமிருந்தது. ஒரு பாட்டைக் கேட்டதும் அடையாளம் காட்டும் ஊதல் வரியை அந்த இடத்திலேயே படைத்து வாசித்த கலைஞருக்கோ, அதைப் படைத்ததற்கான உரிமை ஏட்டில்கூட இருக்கவில்லை. மூச்சு ஒருவருடையதாகவும் முத்திரை வேறொருவருடையதாகவும் இருந்த இந்த ஏற்பாட்டை, வளராத தொழிலின் ஒழுங்கின்மை என்று சமாதானம் சொல்ல முடியாது. விற்பவருக்கு அது மிகவும் ஒழுங்கான ஏற்பாடாகவே இருந்தது.

1961இல் ரிக்கோ இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் தட்டுகள் பலவற்றுக்கு ஊதினார். 1967இல் டாண்டி லிவிங்ஸ்டன் பாடி வெளியிட்ட 'எ மெசேஜ் டு யூ ரூடி' என்னும் பாட்டின் டிராம்போனும் அவருடையதே. கிங்ஸ்டன் தெருக்களில் வம்பிழுத்துத் திரிந்த இளைஞர்களை 'ரூட் பாய்' என்பது வழக்கு. அப்படி ஒருவனைத் திருந்தச் சொல்லும் இப்பாட்டை நினைத்தவுடன் பலருக்கு முதலில் ஒலிப்பது சொற்களல்ல, அந்த ஊதல்தான். 1970களின் பிற்பாதியில் 'மேன் ஃபிரம் வாரைக்கா' என்ற சொந்த ஆல்பத்தை அவர் வெளியிட்ட பிறகும், பரந்த உலகுக்கு அவர் பெயர் தெரியாமலே இருந்தது.

கவென்ட்ரியின் ஆல்பனி சாலையில் இன்று செல்பவருக்கு, வரிசை வீடுகளுக்கு நடுவே, டூ டோன் என்னும் தட்டு நிறுவனம் இயங்கிய வீடு காணக் கிடைக்கும். ஸ்பெஷல்ஸ் குழுவின் ஆர்கன் கலைஞரான ஜெர்ரி டாமர்ஸ் குடியிருந்த அந்த வீடே நிறுவனத்தின் அலுவலகமாகவும் இருந்தது. முதல் தட்டான 'கேங்ஸ்டர்ஸ்' கடன் வாங்கிய பணத்தில் பதிவாகியது. அதன் தொடக்கப் பிரதிகளின் உறைகளில் குழுவினரே கையால் முத்திரை குத்தினர். அப்பாட்டு வென்றதும் கிரிசலிஸ் என்னும் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டதால், டூ டோன் முழுமையான தன்னாட்சியோடு இயங்கியது என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் யாருடைய தட்டை வெளியிடுவது என்ற முடிவு கவென்ட்ரியில் நின்றது. மேட்னெஸ், தி பீட் ஆகிய குழுக்கள் டூ டோனில் ஒரே ஒரு தட்டை வெளியிட்டுவிட்டுத் தம் வழியே செல்லவும் முடிந்தது. கலைஞரைப் பல ஆண்டுகளுக்கு எழுதி வாங்கிக்கொள்வதே வழக்கமான அத்தொழிலில் இது பெரிய விடுதலை.

ஸ்பெஷல்ஸின் முதல் ஆல்பம் லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியிலுள்ள டி.டபிள்யூ. ஒலிப்பதிவுக்கூடத்தில், பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் தயாரிப்பில் பதிவாகியது. மேடையில் எழும் முரட்டு வேகத்துக்கு மெருகு பூசாமல் அவர் விட்டுவைத்ததால், ஜான் பிராட்பரியின் டிரம்ஸ் அடி இன்றும் அருகிலிருந்து கேட்பதுபோல் விழுகிறது. டெர்ரி ஹாலின் உணர்ச்சி காட்டாத தட்டையான குரலும், ஜமைக்காவில் பிறந்த நெவில் ஸ்டேப்பிளின் அறைகூவலும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடங்களில், நேஷனல் ஃபிரண்ட் என்னும் இனவெறிக் கட்சி தெருவில் ஊர்வலம் போன காலத்தின் பதற்றம் சொல்லாமலே தெரிகிறது. ஆல்பம் பழைய ஜமைக்காப் பாட்டுகள் பலவற்றைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது: டூட்ஸின் 'மங்கி மேன்', பிரின்ஸ் பஸ்டரின் 'டூ ஹாட்', இறுதியாக 'யூ ஆர் வொண்டரிங் நவ்'. தொடக்கப் பாட்டு, 'எ மெசேஜ் டு யூ ரூடி'.

அந்தத் தொடக்கப் பாட்டுக்குத்தான் குழுவினர் ரிக்கோவை அழைத்தனர். பழைய ஊதலைப் பார்த்து வாசிக்க இளைஞர் ஒருவரை அமர்த்தியிருந்தால் செலவு குறைந்திருக்கும், கேட்பவரில் பலருக்கு வேறுபாடும் தெரிந்திராது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை வாசித்த அதே மூச்சைத் தேடிச் சென்று, நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்த அவரைத் தம்மினும் மிக இளையவர்களின் நடுவே நிறுத்தி, பிறகு மேடைகளுக்கும் உடன் அழைத்துச் சென்றனர். அவருக்கு அருகில் மற்றோர் ஊதுகலைஞரான டிக் கட்டெல் ஊதினார். இவர்களின் ஊதல் நுழையும் இடங்களில், அவசரமாக ஓடும் இளைஞர் இசை ஒரு பெரியவரின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்வது போன்ற அமைதி ஏற்படுகிறது. ஆல்பத்தின் மிகச் சிறந்த கணங்கள் அவையே.

1981 ஜூலையில் 'கோஸ்ட் டவுன்' பாட்டு விற்பனையில் முதலிடத்தில் இருந்த காலத்திலேயே குழு உடைந்தது. அப்பாட்டின் டிராம்போனும் ரிக்கோவினுடையதே. டூ டோன் அவருக்கென்று 1981இலும் 1982இலும் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. ஆல்ஃபா பள்ளியின் விடுதி 2014இல் மூடப்பட்டாலும் அங்கே இசைப்பயிற்சி தொடர்கிறது. ரிக்கோ 2015 செப்டம்பர் 4 அன்று லண்டனில் மறைந்தார். 'எ மெசேஜ் டு யூ ரூடி' தனித்தட்டாக 1979இல் வெளிவந்தபோது, கலைஞர் பெயர் அச்சாகும் இடத்தில் தி ஸ்பெஷல்ஸ் என்பதோடு, 'ரிக்கோ பங்கேற்புடன்' என்பதும் சேர்த்தே அச்சிடப்பட்டிருந்தது.