501-வது யூனிட்

மின் அட்டையின் பின்பக்கம் போட்ட கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடியிருந்தால் 1,725 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான 2.25 என்ற சலுகை விலை பறிபோய், அந்த நூறு யூனிட்டும் 4.50 ஆகிவிட்டது. தாண்டிய ஒன்றுக்கு 8 ரூபாய். கணக்கெடுக்க வருபவர் நாலு நாள் பிந்தினால் என்ன ஆகும் என்று ஏசி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

*

இந்த எண்களைப் போட்டது யார்? தெருவில் கேட்டால் "இ.பி.காரன் ஏத்திட்டான்" என்பார்கள். கட்சிக்காரர்கள் முதலமைச்சர் பெயரைச் சொல்வார்கள். சட்டப்படி இரண்டும் தப்பு. கிண்டி தொழிற்பேட்டையில் சிட்கோ கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்டது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் இருவர். இவர்கள் பெயரைத் தெரிந்தவர் நம் தெருவில் யாராவது உண்டா? எனக்கே ஆணையைப் புரட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது.

*

மின்விலை வைக்கத் தனி ஆணையம் என்ற முறையை ஒரிசா 1995-ல் சட்டம் போட்டுத் தொடங்கிவைத்தது. 1998-ல் மத்தியச் சட்டம், 1999-ல் நம் ஆணையம், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து 2003 மின்சாரச் சட்டம். சொன்ன நோக்கம்: விலை வைக்கிற வேலையைத் தேர்தலிலிருந்து பிரித்துவிடுவது.

பிரிந்ததா? ஆணையத்தின் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வந்தது. அடுத்தது 2010-ல். நடுவில் ஏழு வருடம். நிலக்கரி விலையும் சம்பளமும் ஏழு வருடம் சும்மா நிற்கவில்லை. மின்வாரியம் மனுப் போட்டால்தானே ஆணையம் விசாரிக்கும், வாரியம் அரசுடையது, அரசுக்கு விலையேற்ற மனசில்லை. அவ்வளவுதான் சூட்சுமம். 2011 நவம்பரில் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மனு வராவிட்டால் ஆணையங்களே முன்வந்து விசாரிக்க வேண்டும் என்றது. 2014 டிசம்பரில் இங்கே வந்த உயர்வு அப்படித் தானாக எடுத்து விசாரித்ததுதான். அதற்கப்புறம் மறுபடி எட்டு வருடத் தூக்கம். 2022-ல் மொத்தமாக விழித்ததும் எல்லாரும் அலறினோம்.

*

இந்தத் துறையின் ஆகப் பெரிய நகைச்சுவை 'ஒழுங்குமுறைச் சொத்து' என்ற சொல். மின்சாரம் கொடுக்க நூறு ரூபாய் ஆகிறது என்று ஆணையமே ஒத்துக்கொள்ளும். ஆனால் ஜனங்களிடம் எண்பது வாங்கிக்கொள் என்று சொல்லும். மீதி இருபதைப் பின்னால் வட்டியோடு வசூலித்துக்கொள்ளலாம் என்று ஏட்டில் எழுதிவைக்கும். அந்த இருபதுக்குத்தான் சொத்து என்று பெயர். மளிகைக்கடை அண்ணாச்சி இதைக் கடன் நோட்டு என்பார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இப்படிக் குவித்துக்கொண்டே போகக் கூடாது, கெடு வைத்துத் தீருங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. தீர்ப்பது என்றால் யார் பையிலிருந்து என்று கேட்க வேண்டாம்.

*

2022 கட்டண உயர்வுக்கு முன், ஆகஸ்டில், கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவு சொல்வது எளிது: மனுவை விளம்பரப்படுத்த வேண்டும், ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளில் ஆணை தர வேண்டும். குறுந்தொழில்காரர்களுக்கு நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் விரல்நுனியில் இருக்கும். தயாராக வந்து பேசுகிறவர்கள் அவர்கள்தான். வீட்டு இணைப்புக்காரன் டீக்கடையில் பேசுவதோடு சரி.

அந்த ஆணை வருவதற்குள் ஒரு வழக்கு. ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது. இங்கே அந்த நாற்காலி காலி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, ஆணையம் ஆணை தருவதை நிறுத்திவைத்தார், அமர்வு அதை நீக்கியது, செப்டம்பர் 9-ல் ஆணை வந்துவிட்டது. நாற்காலியை நேரத்துக்கு நிரப்பாதது யார் குற்றம் என்பதை மட்டும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

*

அதே மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு: அரசு சலுகை தரலாம், ஆனால் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 2016 மே முதல் நமக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட் இந்த வழியாகத்தான். 108-வது பிரிவு: கொள்கை விஷயத்தில் அரசு சொல்வதை ஆணையம் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும். பின்கதவு என்று இதைத்தான் சொல்வேன்.

சான்று: அடுக்குமாடிகளில் மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் இவற்றுக்கான பொது இணைப்புக்கு ஆணையம் 8 ரூபாய் போட்டது. கூச்சல் எழுந்தது. 2023 அக்டோபரில், லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு 5.50 என்று முதல்வர் அறிவித்தார். ஆணையத்தின் ஆணை அதன் பின்னால் வந்தது. குறைத்தது நியாயம்தான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் வரிசை தலைகீழ்.

*

பம்புசெட் பற்றி ஒரு வரி. 1990 முதல் எல்லா விவசாயிக்கும் இலவசம். மிகப் பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே கிடையாது. மீட்டர் இல்லாமல் இணைப்பே கூடாது என்கிறது சட்டம். சில மோட்டார்களை அளந்து, அதை வைத்து மொத்தத்தையும் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டுக்குள் கம்பியில் கசிந்தது எவ்வளவு, திருட்டுப் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆணையத்திடமும் அளவுகோல் இல்லை.

*

சமையல் எரிவாயுவை நினைத்தால் மின்சாரம் எவ்வளவோ மேல் என்று படுகிறது. குழாய் எரிவாயுவுக்கும் ஒரு வாரியம் உண்டு, 2006 சட்டத்தின் கீழ். எந்த ஊரில் எந்தக் கம்பெனி குழாய் பதிக்கலாம் என்று அது முடிவு செய்யும். ஒரு ஊருக்கு ஒரு கம்பெனி. வீட்டுக்கு என்ன விலை என்பது கம்பெனி பாடு. டெல்லி கம்பெனி ஒன்றின் கட்டணத்தை அந்த வாரியம் 2012-ல் வெட்டிப் பார்த்தது. உனக்கு அந்த அதிகாரம் சட்டத்தில் இல்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 14.2 கிலோ சிலிண்டருக்கோ வாரியமும் இல்லை, விசாரணையும் இல்லை. விலை மாறியது காலைச் செய்தியில் தெரியும்.

*

அடுத்த மனு வரும்போது பேப்பரில் பொடி எழுத்தில் விளம்பரம் வரும். ஆட்சேபம் எழுத வக்கீல் வேண்டாம். தமிழில் ஒரு தாள் போதும். 501-வது யூனிட்டைப் பற்றி நான் எழுதப் போகிறேன். உங்கள் அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.