பெயர் பொறிக்காத பணி

எங்கள் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்து ஊரான திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடுகள் வரலாறு படித்தோர் அறிந்தவை. பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்கு அளித்த முதலாம் இராசேந்திரன் ஆணை அவற்றில் உள்ளது. மன்னன் பெயரோடு அதிகாரிகள் பெயர்களும், வடமொழிப் பகுதியை இயற்றிய புலவர் பெயரும், எழுத்து வெட்டிய கைவினைஞர் பெயர்களும் அங்கே நிற்கின்றன. அரசின் செயலுக்கு அதைச் செய்தவன் பெயரே சாட்சி என்பது அக்காலத்து நெறி போலும்.

பெயரே இருக்கக் கூடாத அரசுப் பணியும் உண்டு. நண்பர்கள் நாங்கள் கூடிப் பேசும் மாலைகளில் பி. ராமனின் ‘தி காவ்பாய்ஸ் ஆஃப் ரா’ நூலை எடுத்துக்கொண்டபோது, பேச்சு இந்த வேறுபாட்டைச் சுற்றியே வந்தது.

ராமன் சென்னைக்காரர், 1936இல் பிறந்தவர். பத்திரிகையாளராக இருந்து 1961இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தார். 1968இல் ராமேஷ்வர் நாத் காவ் தலைமையில் ‘ரா’ அமைப்பு தொடங்கப்பட்டபோதே அதில் இடம்பெற்றார். 1988 முதல் 1994இல் ஓய்வு பெறும்வரை அதன் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவர். கார்கில் போருக்குப் பின் 2000இல் உளவுத்துறையைச் சீரமைக்க கிரீஷ் சந்திர சக்சேனா தலைமையில் அமைந்த பணிக்குழுவிலும் உறுப்பினர். அந்தச் சீரமைப்பின் தொடர்ச்சியாகவே 2004இல் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் பிறந்தது. செயற்கைக்கோள் படமும் கணினி வலையும் உளவின் களமாயின. கணினித் தாக்குதல்களை எதிர்கொள்ளும் ‘செர்ட்-இன்’ இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

கருவிகள் மாறின, மறைவு மாறவில்லை. ‘ரா’ நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்ததன்று, அரசாணையால் பிறந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய கேள்விகள் தவிர, இத்தகைய அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது. நாட்டைக் காக்க மறைவு வேண்டும் என்பதை மறுப்பவரல்லோம். ஆனால் மறைவுக்குள் நடந்ததை அறிந்தவனின் மனச்சாட்சி எங்கே போகும்?

இக்கேள்விக்கு ராமனின் வாழ்விலேயே ஒரு விடை இருக்கிறது. 257 பேரைப் பலிகொண்ட 1993 மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் யாகூப் மேமனுக்கு 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1994இல் மேமன் பிடிபட்ட நடவடிக்கையை ஒருங்கிணைத்தவர் ராமன். தீர்ப்பு வந்ததும் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மேமனின் குற்றத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் பிடிபட்டபின் புலனாய்வுக்கு ஒத்துழைத்ததையும், கராச்சியிலிருந்த குடும்பத்தார் சிலரை இந்தியா திரும்பச் செய்ததையும் கருதினால் தூக்குத் தண்டனை கூடாது என்பது அவர் வாதம். எழுதியவர், பிறகு வெளியிட வேண்டாமென்று தாமே ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டார்.

2013 ஜூன் 16 அன்று ராமன் புற்றுநோயால் மறைந்தார். கட்டுரை 2015 ஜூலையில், தூக்குக்குச் சில நாட்களே இருந்தபோது, அவர் தமையனாரின் இசைவுடன் வெளிவந்தது. நாடெங்கும் விவாதம் எழுந்தது. தண்டனையோ ஜூலை 30 அன்று நிறைவேறியது.

எங்களுக்குள் கருத்து இரண்டுபட்டது. உளவு அதிகாரி வாய்மூடி இருப்பதே அறம் என்றார் ஒருவர். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட உண்மையை எட்டாண்டு பூட்டிவைப்பது எந்த அறம் என்றார் இன்னொருவர். யோசிக்கையில், அவர் அதை எழுதினார் என்பதே பெரிதாகப் படுகிறது. கடமை சொல்லாதே என்றது, மனம் சொல் என்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு கைப்பிரதி கிடந்தது. அதை எழுதாமலே இருந்திருக்கவும் அவரால் முடியும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாளை இப்பணியின் பெரும்பகுதி கணினி முன் அமர்ந்தோரிடம் இருக்கும். அவர்கள் யாரையும் நேரில் சந்திக்காமலேயே ஒருவனைக் குற்றவாளி என்று குறிக்கக் கூடும். அவர்களுக்கும் செப்பேட்டில் இடம் இராது. தாம் அறிந்ததை, தமக்குப் பாதகமானாலும், எங்கேனும் எழுதிவைக்கும் உள்ளம் மட்டும் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறோம்.