ஓரம் போதல்

அப்புத்தளையிற் பிறந்தோர்க்குத் துவிச்சக்கரவண்டி இயல்பாக வாய்த்த ஊர்தியன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகட்டின்மேல் அமைந்த ஊர் அது. பெரகலைக்கு இறங்கியவன் மீண்டும் ஏறியாகவேண்டும். தம்பேதன்னைக்கு ஏறியவன் இறங்கும்போது பிறேக்குக் கட்டைகளை நம்பவேண்டும். 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையால் எரிபொருளற்றுப்போன யாழ்ப்பாணத்தில் வாழ்க்கை முழுவதையும் சைக்கிள் சுமந்தது. எங்கள் மலையில் அந்தச் சுமை என்றும் கால்களுக்கே உரியது.

ஆகவே, நான் சைக்கிளை நாளாந்த ஊர்தியாகக் கொண்டது கொழும்பிலேதான். அதுவும் 2022 இன் எரிபொருள் நெருக்கடியின்போது. முதற் சில வாரங்கள் காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தமையால் எதுவும் கடினமாகத் தோன்றவில்லை. கியூ.ஆர். அட்டை முறை வந்து வாகனங்கள் திரும்பிய பின்னரே உண்மையான பாடம் தொடங்கிற்று.

அப்பாடத்துக்கு எதிராக நின்றது எனது உடம்பில் ஊறிய ஒரு பழக்கம். துரை எதிர்ப்பட்டால் குடையை மடக்கவேண்டும். சைக்கிளில் வந்தவர் இறங்கிக் கானோரம் நிற்கவேண்டும். தோட்டத்து முதியோர் இதனைக் கேட்ட கதையாக அன்றிப் பட்ட அனுபவமாகவே சொல்வர். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் மாறினர், ஒதுங்கும் பழக்கமோ மாறவில்லை. கொழுந்து லொறியின் இரைச்சல் கேட்டாலே கான்கரைக்குத் தாவும் பிள்ளைகளாகவே நாங்கள் வளர்ந்தோம். மலைப்பாதையில் அது உயிர் காத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

நகர வீதியில் நிலைமை வேறு. ஓரத்திலேதான் மணலும் கான்மூடிகளும் உள்ளன; நிறுத்திய கார்களின் கதவுகள் திடீரெனத் திறப்பதும் அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரமாய்ச் செல்பவனைக் காணும் சாரதி, அதே நிரலில் தானும் நுழைந்து முந்தலாம் என எண்ணிவிடுகின்றான். இடப்பக்க நிரலின் நடுவே செல்பவனையோ, அடுத்த நிரலுக்கு மாறாமல் முந்த இயலாது என்பது அவனுக்குத் தொலைவிலேயே விளங்கிவிடும். தரிப்பிடத்தில் பஸ் நிற்குமாயின், அதற்கும் நடைபாதைக்கும் இடையே புகுதல் ஆகாது; பயணிகள் இறங்கும் பக்கம் அது. முன்கூட்டியே வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, இடங்கிடைத்த பின்னரே வலப்புறம் நகரவேண்டும். இல்லையேல் பஸ்ஸின் பின்னே காத்து நிற்கவேண்டும். அவ்வாறு திரும்பிப் பார்ப்பது எனக்குக் கைவர ஒரு மாதம் சென்றது. சாரதியின் கண்ணை நேரே நோக்குவதற்கு அதனினும் கூடுதலான காலம் பிடித்தது. வீதி அகன்றவிடத்து இடப்பக்கம் சாய்ந்து பின்னால் வருவோர்க்கு வழி விடுகிறேன், அது மரியாதை. அச்சத்தால் ஒதுங்குவதனோடு அதனைச் சேர்த்தெண்ணலாகாது.

சைக்கிளோட்டி தன்னை ஒரு வாகனச் சாரதியாகவே கருதி ஒழுகவேண்டும் என்பதை 1970களில் அமெரிக்கரான ஜோன் பொறஸ்ரர் விரிவாக வாதிட்டு நூலும் எழுதினார். வண்டியோட்டும் முறை பற்றி அவர் சொன்னதை என் அனுபவம் ஒப்புகின்றது. ஆனால், சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைப்பதை அவர் எதிர்த்தமையை என்னால் ஏற்க இயலவில்லை. நெதர்லாந்தில் சிறுவரும் முதியவரும் அச்சமின்றிச் சைக்கிளிற் செல்வது அத்தகைய பாதைகள் இருப்பதனாலன்றோ? காலி வீதியில் என்போன்ற இளைஞன் துணிந்து செல்லலாம்; என் தங்கையின் பத்து வயது மகளை அங்கு சைக்கிளில் அனுப்ப நான் ஒருப்படேன்.

சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்த அப்பா, வெள்ளவத்தையில் நடைபாதையில் நின்று நான் வருவதைப் பார்த்திருந்தார். நான் இறங்கியதும், “பின்னால வந்த பஸ்காரன் ஒன்னும் சொல்லலையா?” என்று தாழ்ந்த குரலிற் கேட்டார்.

“ஹோன் அடிச்சாங்கப்பா. ஆனா பின்னாலயேதான் வந்தாங்க” என்றேன்.

அவர் வண்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பின்னர் அதன் விலையை விசாரித்தார்.