வாய் கோணினால்...

ஏர்கன் குண்டுக்கு உடுக்கை இடுப்பு. 4.5 மி.மீ. ஈயம்தான். குழலின் உள்வரிகள் அதைப் பம்பரமாய்ச் சுழற்ற, குழிந்த பின்பாகம் காற்றில் இழுபட்டு, ஷட்டில்காக் போல மூக்கை நேராய்ப் பிடித்துக்கொள்கிறது.

2008-ல் அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில், பத்து மதிப்பெண் புள்ளி வெறும் 0.5 மி.மீ! என் மகளின் மாவட்டப் போட்டிக்கு ஒன்பதே நாள். மச்சினர், "கனமா இருக்கே, பாவம் குழந்தை!" என்று குழலில் இரண்டு அங்குலத்தை ரம்பத்தால் அறுத்துவிட்டார். ஸ்டிக்கர் பொட்டு அகலத்துக்குள் விழுந்த குண்டுகள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. அவள் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

லேத் பட்டறைப் பெரியவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "வாய் கோணல் சார். ஒரு பக்கம் காத்து முந்திக்கிட்டு வந்து குண்டோட பின்பக்கத்தைத் தள்ளிடுது." சமமாய்க் கடைந்து பிசிர் நீக்கினார். குண்டுகள் பழையபடி பொட்டுக்குள்!

"குழலோ மனுஷனோ, வாய் நேரா இருக்கணும் சார்" என்றார். மச்சினர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.