ஒன்பது பேனலில் இரண்டு இன்னும் வரவில்லை

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மைக்கில் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுறேன். அன்னிக்கு வராதவங்களுக்கும் இது போய்ச் சேரணும். கொஞ்சம் நீளம்தான், தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

என்னை அன்னதானக் கூடத்துல பார்த்திருப்பீங்க. வேலை ஃபேக்டரியில், சி.என்.சி. பகுதிக்கு சூப்பர்வைசர். பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எஸ்டேட், இப்போ பெஸ்தாரி ஜெயான்னு சொல்றோமே அங்கேதான். அப்பா பால்மரம் வெட்டினவர். நான் எஸ்.பி.எம். முடிச்ச கையோட மெஷின் முன்னால நின்னவன். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

சி.என்.சி.ன்னா கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு உலோகத்தை வெட்டுற மெஷின். நாம வரைஞ்ச படத்தை எண்ணா மாத்திக் கொடுத்தா, கத்தி அதே வழியில போகும். ஆனா எங்கே வெட்டணும், எதுக்கு வெட்டணும்னு அதுக்குத் தெரியாது. அதை யோசிக்க வேண்டியது ஆளுதான்.

என்கிட்ட ஒரு பழைய கஞ்சில் இருந்துச்சு. பயணி பக்கம் டேஷ்போர்டு வெயில்ல வெடிச்சுப் போச்சு. பாஸ்கிட்ட கேட்டு, மிச்சம் விழுந்த அலுமினியத் தகட்டுல ஒரு பேனல் செஞ்சேன். முதல்ல அட்டையை வெட்டி வச்சு வளைவு பார்த்தேன். வெர்னியர்ல அளந்து கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன். தகடு 3 மில்லிதான், வைஸ்ல இறுக்கினா நெளிஞ்சிடும். அதனால பலகை மேல இரட்டைப் பக்க டேப்புல ஒட்டி, சின்னக் கத்தியில கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வெட்டினேன். நடுவுல வேல், ரெண்டு பக்கமும் மயிலிறகு, பிள்ளையார் உட்கார ஒரு சின்னக் குழி. ஓரத்தை அரம் போட்டு மழுக்கி, உருளையில லேசா வளைச்சு ஒட்டினேன். பார்க்க ரொம்ப அழகா இருந்துச்சு.

கோயிலுக்கு வர்றவங்க பார்த்துட்டு தங்களுக்கும் கேட்டாங்க. கூலி வேணாம், அன்னதானப் பெட்டியில 50 வெள்ளி போடுங்கன்னு சொன்னேன். இப்படி ஒன்பது பேருக்கு செஞ்சேன். அஞ்சு அக்ஸியா, நாலு பெஸா. அந்தப் பணத்துல அரிசியும் கேஸும் வாங்கினோம். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

தப்பு எங்கேன்னா, என் கஞ்சில்ல ஏர்பேக் கிடையாது. 2014-ல வந்த அக்ஸியாவிலும் 2016-ல வந்த பெஸாவிலும் முன்னால ரெண்டு ஏர்பேக் இருக்கு. ரவாங் சுங்கை சோவில் இருக்கிற பெரோடுவா ஃபேக்டரியில நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் வேலை செய்றாங்க! ஒருத்தரைக் கேட்டிருந்தாகூட சொல்லியிருப்பாங்க. நான் கேட்கலை.

போன மாசம் என் தங்கச்சி மகன் கோயில் வாசல்ல ஒரு காடியைப் பார்த்துட்டு, "மாமா, இதுக்கு அடியில என்ன எழுதியிருந்துச்சு?"ன்னு கேட்டான். அவன் மெக்கானிக். எனக்கு வாயே வரலை. 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்'ன்னு எழுத்து இருந்துச்சு. அது பார்க்க நல்லா இல்லைன்னு, எழுத்து மறையுற மாதிரி பேனலை அளவு எடுத்தவனே நான்தான்.

மறுநாள் அவன் வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போய் கழட்டிப் போட்ட ஒரு டேஷ்போர்டைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் பிளாஸ்டிக்கை ஒரு கோடு மாதிரி மெல்லிசா விட்டிருக்காங்க. மோதினா அந்தக் கோட்டுல கிழிஞ்சுதான் பை வெளியே வரும். கண் சிமிட்டுற நேரம்கூட ஆகாது. வர்ற வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல. என் பேனல் 200 கிராம் கிட்ட வரும், மேல பிள்ளையார் வேற. அது அப்படியே உட்கார்ந்திருக்கிறவங்க முகத்துக்குத்தான் பறக்கும். இல்லைன்னா பையை ஒழுங்கா விரிய விடாது. முப்பது வருஷமா மில்லி கணக்கு பார்த்தவன் இதைப் பார்க்கலை.

அன்னிக்கு சாயங்காலமே ஒவ்வொருத்தரையும் கூப்பிட ஆரம்பிச்சேன். ஒரு அக்கா ஒத்துக்கலை. "சாமி முன்னால உட்கார்ந்திருக்கும்போது ஏர்பேக் எதுக்கு தம்பி?"ன்னு கேட்டாங்க. "சாமி காப்பாத்துவார் அக்கா. ஆனா காப்பாத்துற வழியை நான் மூடி வச்சிருக்கேனே"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்த சீட்டுலதான் என் மக உட்காருவா, இப்போ அவளுக்கு ஏழு மாசம்"னு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே போய்க் கழட்டினேன். கை நடுங்குச்சு.

ஏழு பேனல் திரும்பி வந்துடுச்சு. ரெண்டு இன்னும் வரலை. ஒரு பெஸாவை வித்துட்டாங்களாம், வாங்கினவர் யாருன்னு தெரியலை. இன்னொருத்தர் வேலை மாறி வெளியூர் போயிட்டார், பழைய நம்பர் கிடைக்கலை. ஈஜோக் ரோட்டிலயும் புக்கிட் ரோத்தான் பக்கமும் செம்பனை லோரிங்க எப்படிப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும். ராத்திரி படுத்தா அந்த ரெண்டு காடிதான் ஞாபகம்.

அதனால கேட்டுக்கிறேன். பயணி பக்கம் டேஷ்போர்டு மேல வேலும் மயிலிறகும் போட்ட அலுமினியப் பேனல் எந்தக் காடியில பார்த்தாலும், அவங்ககிட்ட உடனே சொல்லுங்க. நீங்களா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. தூண்டில் நரம்பை அடியில விட்டு மெதுவா அறுத்தா டேப் விட்டுடும். சனிக்கிழமை காலையில அன்னதானக் கூடத்துல இருப்பேன், நானே எடுத்துத் தர்றேன். மூடியில கீறல் இருந்தா சர்வீஸ் சென்டர்ல காட்டிடணும், அந்தச் செலவு என்னோடது. போட்ட 50 வெள்ளியையும் என் கையிலிருந்து திருப்பித் தர்றேன், பெட்டியிலிருந்து இல்லை.

நான் செஞ்ச பேனல் இல்லாதவங்களும் இன்னிக்கு ஒரு தடவை காடியில பாருங்க. அந்த எழுத்து இருக்கிற இடத்துல சிலை, சந்தனக் கிண்ணம், போட்டோ எதையும் ஒட்டியிருக்காதீங்க. சாமியை எடுக்க மனசு வரலைன்னா வீட்டு சாமி அறையில வைங்க. திரும்பி வந்த ஏழு தகட்டுலயும் இருந்த வேலை மட்டும் தனியா வெட்டி எடுத்து, வீட்டுல வைக்கிற மாதிரி பீடம் செஞ்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு முடிஞ்சது. முதல்ல முடிஞ்சது அந்த அக்கா வீட்டுக்குப் போயிருக்கு.

இதைத் தயவுசெய்து எல்லா குரூப்புலயும் அனுப்புங்க. முருகா சரணம்.