நாற்பது வயதும் குச்சவெளிக் கடற்கரையும்

மதரஸாவில் பாடம் நடத்தும் என்னிடம் பெண்கள் அடிக்கடி கேட்டனுப்பும் கேள்வி ஒன்று உண்டு: "பிறந்த நாள் கொண்டாடலாமா மௌலவி?" மெழுகுவர்த்தி ஊதுவதும் கேக் வெட்டுவதும் நம் மார்க்கம் காட்டித் தந்த வழக்கமல்ல. ஆனால், கழிந்த வயதை எண்ணிப் பார்ப்பது? அது அவசியம் வேண்டியதே!

சூரா அல்அஹ்காஃபின் 15ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். தாய் சிரமத்தோடு சுமந்ததையும் சிரமத்தோடு பெற்றதையும், சுமப்பதற்கும் பால் மறக்கச் செய்வதற்குமான 30 மாதங்களையும் அந்த வசனம் முதலில் நினைவூட்டுகிறது. அதன் பிறகே நாற்பது வயதை அடைந்தவர் கேட்கும் துஆ வருகிறது. தனக்கும் தன் பெற்றோருக்கும் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்தவும், நல்லமல் புரியவும், தன் சந்ததி சீராகவும் அவர் இறைவனிடம் கேட்கிறார். ஆக, நாற்பது என்பது சற்று நின்று நன்றி சொல்ல வேண்டிய வயது.

என் மனைவிக்கு நாற்பது நிறைந்தபோது, அந்த நன்றியை ஒரு பயணமாகச் செய்வோம் என்று எண்ணினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் புறப்பட்டு ஞாயிறன்று திரும்புவது; போகுமிடம் திருகோணமலைக்கு வடக்கே உள்ள குச்சவெளி. இதைச் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "சமையல் சாமான் என்னென்ன கட்டணும்?" என்பதுதான்!

கூடவே வரும் அடுப்பு

அவர் கேட்டதில் வியப்பில்லை. நம் குடும்பங்களின் 'ட்ரிப்' எப்படி இருக்கும்? வேன் ஒன்றைப் பிடிப்போம். பானை, சட்டி, அரிசி, தேங்காய், பாய் எல்லாம் ஏறும். ஆண்கள் குளிப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். பெண்களோ ஆற்றங்கரையில் கல் வைத்துப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் இருந்த அடுப்பு வேறோர் ஊருக்கு இடம் மாறியது, அவ்வளவே!

"நீங்க ஒரு கரண்டியும் எடுக்க வேணாம். உடுப்பும் முஸல்லாவும் போதும்" என்றேன். பிள்ளைகளை அவருடைய உம்மா வீட்டில் விட்டோம்.

வழியும் ஊரும்

குருநாகலிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலையை அடையலாம். ஹபரணைக்கு அப்பால் அந்தி நேரத்தில் யானைகள் பாதையைக் கடக்கும். மெதுவாகவே செல்ல வேண்டும். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என ஊர்கள் வரும். ஏறக்குறைய 34 கிலோமீற்றரில் குச்சவெளி. ஒரு காலத்தில் இவ்வீதியின் களப்பு முகங்களைப் படகுப் பாதையில் கடக்க வேண்டியிருந்தது. இப்போது பாலங்கள் இருக்கின்றன.

நிலாவெளியில் உல்லாசப் பயணிகளின் கூட்டம் அதிகம். குச்சவெளியோ அமைதியானது. முஸ்லிம்களும் தமிழர்களும் வாழும் மீனவ, விவசாயப் பிரதேசம். ஜங்கிள் பீச் போன்ற பெரிய ஹோட்டலும் உண்டு. நம் வருமானத்துக்கு ஏற்ற சிறு விடுதிகளும் உண்டு. நாங்கள் சிறு விடுதியிலேயே தங்கினோம். உணவு ஹலாலா, பெண்கள் மறைவாக இருக்க இடமுண்டா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. காலையில் இடியப்பமும் சொதியும், பகலில் அறுக்குளா மீன் கறியும் சோறும் வந்தன. தான் சமைக்காத சோற்றை, சூடு ஆறும் முன் உட்கார்ந்து சாப்பிட்டதை மனைவி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஸுபஹுக்குப் பின் கடற்கரை

ஸுபஹ் தொழுதுவிட்டு மணலில் நடந்தோம். கிழக்குக் கரையல்லவா! சூரியன் கடலிலிருந்தே எழுந்து வருகிறது. தொலைவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் செல்லும்போது சிறிதளவு நீரே எங்களிடம் இருக்கிறது, கடல் நீரில் உளூச் செய்யலாமா என்று ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதும், அதன் நீர் தூய்மையானது, அதில் இறந்தது ஹலால் என்று அவர்கள் விடையளித்ததும் அந்தக் கரையில் நினைவுக்கு வந்தன.

இன்னொரு ஹதீஸும் நினைவுக்கு வந்தது. பயணமொன்றில் நபியவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள், அன்னையவர்கள் வென்றார்கள். பின்னொரு காலம், அன்னையவர்களின் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது ஈடு என்றார்கள். உம்மத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவர்களுக்கு மனைவியோடு ஓட நேரம் இருந்திருக்கிறது! நமக்கு இல்லையாம்!

"ஓடினதுதான் எங்கட பயணம்"

சனிக்கிழமை மாலை கருவாடு வாங்க ஓரிடத்தில் நின்றோம். விற்ற பெண்மணிக்கும் மனைவிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாங்கள் வந்த காரணத்தை மனைவி சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே, "நாங்க எங்க ராத்தா பயணம் போனோம்? ஓடினதுதான் எங்கட பயணம்" என்றார்.

கணக்குப் பாருங்கள் சகோதரிகளே! இன்று நாற்பதில் நிற்கும் குச்சவெளிப் பெண் போருக்குள் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையை அடித்தபோது அவளுக்கு ஏறக்குறைய 19 வயது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது 24. வீட்டை விட்டு ஓடுவதும், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குவதுமாகவே அவளுடைய இளமை கழிந்தது. நாம் அழகு பார்க்க வந்த அதே கடல் அவளுக்குச் சோறும் போட்டது, உறவுகளையும் கொண்டுபோனது.

விடுதிக்குத் திரும்பும் வழியில் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஷுக்ர் செய்ய எனக்கு இவ்வளவு இருந்திருக்கு" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! அந்தச் சொல்லுக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம்.

போக விரும்புவோருக்கு

மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். நவம்பரில் வாடைக் காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், இறங்கக் கூடாது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு உள்ளது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இத்தீவுக்குப் படகில் போகலாம். பவளப்பாறைகளை மிதிக்கவோ உடைக்கவோ கூடாது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட் கலந்த கறுத்த மணல் உண்டு. அந்தக் கறுப்பிலிருந்துதான் பெயின்ட்டுக்கு வேண்டிய வெள்ளை நிறம் எடுக்கப்படுகிறது. அல்லாஹ்வின் வல்லமையைப் பாருங்கள்!

தொலைதூரத்திலிருந்து வருவோர் ளுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கலாம். மஃரிபிலும் ஸுபஹிலும் சுருக்கம் இல்லை. ஊர்வாசியான இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும்.

உம்மாவின் இரண்டு நாட்கள்

ஞாயிறு மாலை பிள்ளைகளை அழைத்துவர மாமி வீட்டுக்குப் போனோம். மாமி அடுப்படியில் நின்றார். எங்கள் பிள்ளைகளுக்காக இரண்டு நாளும் ரொட்டி சுட்டு, சோறாக்கி, துணி துவைத்திருக்கிறார். ஒருத்தி ஓய்வெடுக்க இன்னொருத்தி உழைத்திருக்கிறார்! மனைவி தன் உம்மாவின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டு, "அடுத்த முறை உம்மாவும் வரணும்" என்றார். அந்த வசனத்தில் நாற்பதுக்கு முன்னால் தாய் நிற்பதன் காரணம் எனக்கு அப்போது இன்னும் தெளிவாக விளங்கியது.

ஆகவே, சகோதரர்களே, உங்கள் மனைவியின் நாற்பதோ ஐம்பதோ வரும்போது பெரும் செலவு தேவையில்லை. அடுப்பு இல்லாத இரண்டு நாட்களைக் கொடுங்கள். சகோதரிகளே, அந்த இரண்டு நாள் உங்களுக்குக் கிடைக்குமானால், அந்த நேரத்தில் உங்களுக்காக அடுப்படியில் நிற்பவரை மறந்துவிடாதீர்கள். நம்மையும் நம் பெற்றோரையும் நம் சந்ததியையும் நன்றியுள்ளோராக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.