காருல வைக்கிற கரண்டு ஐஸ் பெட்டி: கோயிலுக்கு வேணுமா, வேணாமா?



ஆடி மாசத்துக்கு முன்னால ஒரு உபயகாரர் குடும்பம் நம்ம நிர்வாகத்துக்கிட்ட கேட்டாங்க. "காருல செருகி வைக்கிற கரண்டு ஐஸ் பெட்டி ஒண்ணு கோயிலுக்கு வாங்கித் தர்றோம். அபிஷேகப் பாலும் தயிரும் பூவும் கெடாம வரும் இல்லையா?" நல்ல மனசோட கேட்டது. அதுக்கப்புறம் இன்னும் நாலஞ்சு பேர் தங்களுக்கும் வாங்கலாமான்னு கேட்டுட்டாங்க. சாமான் ஏத்தி இறக்குற தொண்டர்கள் நாங்கதான். அதனால எங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாருக்கும் சேர்த்து இங்க எழுதுறோம்.

முதல்ல நம்ம ஊரு நிலைமை. தாப்பாவுல இருந்து ரிங்லெட் வழியா தானா ராத்தா வரைக்கும் சுமார் 60 கிலோமீட்டர். ரோடு காலியா இருந்தா ஒன்றரை மணி நேரம். பள்ளி விடுமுறை, நீண்ட வாரக் கடைசின்னா எவ்வளவு நேரம் ஆகும்னு அந்த அம்மாளுக்குத்தான் தெரியும். கீழ வெயில் 33 டிகிரி. மேல பகல்லயே 22, 23தான், ராத்திரி 15 பக்கம் வந்துடும். 1929-ல இங்க தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சதே இந்தக் குளிரை நம்பித்தான். ஆக, நம்ம பால் கெடுறது மலையில இல்ல. கீழ கடையில ஏத்தின நேரத்துல இருந்து பாதி மலை ஏறுற வரைக்கும்தான் அது கெடுது.

கரண்டு பெட்டியில ரெண்டு வகை இருக்கு. விலை குறைஞ்சது பெல்டியர் வகை. பெல்டியர்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1834-ல கண்டுபிடிச்ச விஷயம் அது. ரெண்டு வகை உலோகம் சேர்ற இடத்துல மின்சாரம் ஓடினா ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். உள்ள கம்ப்ரசர் கிடையாது, ஒரு சில்லும் காத்தாடியும்தான். இது வெளியே இருக்கிற சூட்டைவிட 15-லிருந்து 20 டிகிரி வரைக்கும்தான் இறக்கும். அதுக்கு மேல அதால முடியாது.

இதை வச்சு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. பிரிஞ்சாங்ல 22 டிகிரியில வச்சா உள்ள 5 டிகிரி வந்துடும், அருமையா வேலை செய்யும். ஆனா பிரிஞ்சாங்ல அதுக்குத் தேவையே இல்ல, கோயில்ல ஐஸ் பெட்டி இருக்கு. தாப்பாவுல 33 டிகிரியில உள்ள 15, 16 இருக்கும். வெயில்ல நிறுத்தின காருக்குள்ள 50 டிகிரி ஆச்சுன்னா உள்ள 30-க்கும் மேல. பால் 5 டிகிரிக்கு மேல, அதுவும் 30 டிகிரி பக்கம் இருந்தா கிருமி வேகமாப் பெருகும். தேவைப்படுற இடத்துல அது கைவிட்டுடும், தேவையில்லாத இடத்துல நல்லா வேலை செய்யும்.

தேயிலைத் தொழிற்சாலையில இலையை வாட்டுறதுல இருந்து உலர்த்துற வரைக்கும் வெப்பமானியைப் பார்த்தே வேலை செய்றவங்க எங்கள்ல சிலர் இருக்கோம். அதனால சும்மா பேசாம அளந்து பார்த்தோம். ஒரு பக்தர்கிட்ட இரவல் வாங்கின பெல்டியர் பெட்டியில எட்டு லிட்டர் பால் ஏத்தினோம். கடையில வாங்கினப்ப 7 டிகிரி. ரெண்டரை மணி நேரம் கழிச்சு கோயில் வாசல்ல 14 டிகிரி. அடுத்த வாரம் தடிச்ச சுவர் வச்ச சாதாரண ஐஸ் தோங்ல, பாலைச் சுத்தி நாலு கிலோ ஐஸ் போட்டு எடுத்து வந்தோம். வாசல்ல 4 டிகிரி.

இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஒரு கிலோ ஐஸ் முழுசா உருகினா, நாலு லிட்டர் தண்ணியை சுமார் 20 டிகிரி இறக்குற அளவுக்குச் சூட்டை இழுத்துக்கும். அந்தச் சின்ன சில்லு அதே வேலைக்கு மணிக்கணக்கா எடுத்துக்கும்.

பேட்டரி விஷயமும் இருக்கு. பெல்டியர் பெட்டி 4, 5 ஆம்பியர் விடாம இழுக்கும். நம்ம சின்ன கார்கள்ல பேட்டரி 35-லிருந்து 45 ஆம்பியர்-மணிதான். எஞ்சினை நிறுத்திட்டு ராத்திரி முழுக்க செருகி வச்சா காலையில கார் ஸ்டார்ட் ஆகாது. சில கார்ல சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டும் நின்னுடும். அப்புறம் பெட்டி சீக்கிரமே சூடாயிடும்.

இன்னொரு வகை கம்ப்ரசர் பெட்டி. வீட்டு ஐஸ் பெட்டியைச் சின்னதா ஆக்கின மாதிரி. வெளியே என்ன சூடு இருந்தாலும் நீங்க வச்ச டிகிரியில நிக்கும், ஐஸ்கூட கட்டும். விட்டு விட்டு ஓடுறதால பேட்டரியையும் கம்மியாத்தான் தின்னும். நல்ல பொருள், மறுக்கல. ஆனா விலை பெல்டியர் மாதிரி ரெண்டு மூணு மடங்கு. 2025-ல இருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி. தோட்டத்து ஜனங்க உண்டியல்ல போடுற காசு அது. வருஷத்துல பத்துப் பன்னிரண்டு தடவை மட்டும் பால் ஏத்த அவ்வளவு செலவு வேணுமா?

இதுல எங்களுக்குள்ளயே வாக்குவாதம் வந்துச்சு. "அம்மாளுக்குக் குடுக்கிறதை வேணாம்னு சொல்லலாமா, குடுக்கிறவங்க மனசு நோகாதா?"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயம்தான். ஆனா அபிஷேகப் பால் சிலைமேல ஊத்துறதோட முடியல. அதைக் கையில வாங்கிக் குடிக்கிறது நம்ம பிள்ளைங்க. பாலு சுத்தமா வரணும்ங்கிறதுதான் உபயத்தோட நோக்கம். எந்தப் பெட்டியில வந்துச்சுங்கிறது அம்மாளுக்கு முக்கியமில்ல. இதை அந்தக் குடும்பத்துக்கிட்ட நேர்ல போய்ச் சொன்னோம். சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு நல்ல ஐஸ் தோங் வாங்கித் தந்து, மிச்சப் பணத்தை ஆடி வெள்ளி அன்னதானத்துக்குக் குடுத்துட்டாங்க.

ஒரே ஒரு இடத்துல கம்ப்ரசர் பெட்டி வாங்கலாம்னு சொல்வோம். வீட்டுல இனிப்பு நீர் உள்ளவங்க இன்சுலின் போட்டுக்கிட்டு அடிக்கடி தூரப் பயணம் போனா. திறக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஐஸ்ல ஒட்டி வச்சு உறைஞ்சு போனா அப்புறம் உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. பத்துமலைக்கோ பினாங்குக்கோ தைப்பூசத்துக்குப் போறப்ப பெரியவங்க மருந்தை காருக்குள்ள வச்சுட்டு இறங்கிடாதீங்க.

மத்தவங்களுக்கு எங்க வேண்டுகோள் இதுதான். பாலை முதல் நாள் ராத்திரியே வீட்டு ஐஸ் பெட்டியில நல்லாக் குளிர வைங்க. பாட்டில்ல தண்ணி ஊத்தி உறைய வச்சு நடுவுல வைங்க, உருகினாலும் சிந்தாது. மல்லிகைப் பூவை ஈரத்துணியில சுத்தி மேல வைங்க, ஐஸ் பட்டா கருத்துடும். பாயசம், தேங்காய் சட்னி சூடா இருக்கிறப்ப எந்தப் பெட்டியிலயும் வைக்காதீங்க, பக்கத்துல இருக்கிறதும் கெட்டுடும். மூடியை வழியில திறக்காதீங்க.

வர்ற வெள்ளிக்கிழமை பால் கொண்டு வர்றவங்க காலையில ஏழு மணிக்குள்ள வந்துட்டா, வெயில் ஏறுறதுக்கு முன்னாலயே வாங்கி உள்ள வச்சுடுவோம். தோங் இல்லாதவங்க ஒரு நாள் முன்னால சொல்லுங்க, கோயிலோட தோங் ரெண்டும் உங்களுக்காகத்தான் இருக்கு.

ஓம் சக்தி.